செல்போனில் ஜப்பான் மொழி
சேத்தியாத்தோப்பில் இருந்துகொண்டே கற்க முடியுமா?

ஜப்பான் நாட்டுக்கு ஆள் வேண்டும். ஒருவர் இருவர் அல்ல, லட்சக்கணக்கில் வேண்டும்.

அங்கே குழந்தை பிறப்பது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. 2024-ம் ஆண்டில் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 6 லட்சத்து 86 ஆயிரம்தான். கணக்கு எடுக்கத் தொடங்கிய காலத்தில் இருந்து, இந்தத் தொகை 7 லட்சத்துக்குக் கீழே போனது அதுவே முதல் தடவை. 10 பேரை நிறுத்தினால் அதில் சுமார் 3 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். முதியவர்களைக் குளிப்பாட்டவும், சோறு ஊட்டவும், கைபிடித்து நடத்தவும் இளம் கைகள் போதவில்லை. வயலிலும், ஓட்டலிலும், கட்டிட வேலையிலும் இதே கதைதான்.

எனவே ஜப்பான் தன் கதவைத் திறந்தது. 2019 ஏப்ரலில், திறமையுள்ள தொழிலாளருக்கு என்று தனி விசா கொண்டுவந்தது. 2024-ல், அடுத்த 5 ஆண்டில் இந்த விசாவில் 8 லட்சத்து 20 ஆயிரம் பேர் வரை எடுக்கலாம் என்று முடிவு செய்தது. 2025 ஆகஸ்டு மாதம் இந்தியப் பிரதமர் டோக்கியோ சென்றபோது, இரண்டு நாடுகளும் ஒரு திட்டம் வகுத்தன. 5 ஆண்டில் இரு பக்கமும் சேர்த்து 5 லட்சம் பேர் போய்வர வேண்டும். அதில் 50 ஆயிரம் பேர் இந்தியாவில் இருந்து ஜப்பான் போகும் திறமைசாலிகளாக இருக்க வேண்டும் என்பது திட்டம்.

இதற்கும் நம்ம சேத்தியாத்தோப்புக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது.

நான்கு சாலை கூடும் ஊர்

கும்பகோணம் சாலையும் விருத்தாசலம் - சிதம்பரம் சாலையும் சந்திக்கும் ஊர் சேத்தியாத்தோப்பு. வெள்ளாற்று அணைக்கட்டு இருக்கிறது. கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. சுற்றிலும் நெல்லும் கரும்பும். வடக்கே போனால் நெய்வேலி சுரங்கம். 1956-ல் தொடங்கிய அந்த நிலக்கரி நிறுவனத்தில் வேலை கிடைத்தால் போதும் என்று இரண்டு தலைமுறை இங்கே காத்திருந்தது. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு நிரந்தர வேலை கொடு என்ற கோரிக்கை இன்னும் ஓயவில்லை. 2023 ஜூலையில், பக்கத்து வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, விளைந்து நின்ற பயிரில் இயந்திரம் இறங்கியதை நாடே பார்த்தது.

ஆகவே இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வெளியூர், வெளிநாடு என்று பார்ப்பதில் வியப்பு இல்லை. முன்பு சிங்கப்பூர், வளைகுடா என்றார்கள். இப்போது நர்சு படித்த பெண்ணும், ஐ.டி.ஐ. முடித்த பையனும் ஜப்பான் என்கிறார்கள்.

ஆனால் ஜப்பான் வாசலில் ஒரு பூட்டு தொங்குகிறது. அந்தப் பூட்டின் பெயர் மொழி.

வளைகுடாவுக்குப் போகிறவன் அரபு படித்துவிட்டுப் போவது இல்லை. அங்கே போய்க் கற்றுக்கொள்கிறான். ஜப்பானில் அது நடக்காது. மேலே சொன்ன விசா வேண்டும் என்றால், தொழில் பரீட்சையோடு மொழிப் பரீட்சையிலும் தேற வேண்டும். ஒன்று, ‘என்-4’ என்ற படி. அல்லது, ஜப்பான் பவுண்டேஷன் 2019-ல் இருந்து கம்ப்யூட்டரில் நடத்தும் அடிப்படைப் பரீட்சை. முதியோரைக் கவனிக்கும் வேலை என்றால், அந்த வேலைக்கு உரிய பேச்சுக்குத் தனியாக இன்னொரு பரீட்சையும் உண்டு.

300 மணி நேரம்

‘என்-5’ என்பது கீழ்ப்படி. ‘என்-1’ என்பது உச்சி. இன்றைய முறை 2010-ல் வந்தது. அதற்கு முன் இருந்த பழைய முறையில், கீழ்ப்படிக்கு 150 மணி நேரப் படிப்பு, 100 சித்திர எழுத்து, 800 சொல் என்று அளவு சொல்லியிருந்தார்கள். அடுத்த படிக்கு 300 மணி நேரம், 300 எழுத்து, 1,500 சொல். அந்த அடுத்த படிதான் ஏறக்குறைய இன்றைய ‘என்-4’.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கல்லூரியில் வாரம் 2 மணி நேரம் ஜப்பான் வகுப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடுமுறை, பரீட்சை, மழை எல்லாம் போக ஆண்டுக்கு 30 வாரம். ஆக 60 மணி நேரம். 300 மணி நேரம் சேர 5 ஆண்டு ஆகும்! கல்லூரிப் படிப்பே அதற்குள் முடிந்துவிடும்.

வகுப்பை மட்டும் நம்பினால் பூட்டு திறக்காது என்பது இதில் இருந்தே தெரிகிறது.

சென்னைக்குப் போய்ப் படிக்கலாம். அங்கே ஏ.பி.கே. - ஏ.ஓ.டி.எஸ். தோசோக்காய் என்ற சங்கம் நெடுநாளாக ஜப்பான் மொழி கற்பிக்கிறது. ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் சேர்ந்து அமைத்த சங்கம் அது. சென்னையில் மொழிப் பரீட்சை நடத்துவதும் அதுதான். ஆனால் சேத்தியாத்தோப்பில் இருந்து சென்னை 200 கிலோமீட்டருக்கு மேல். தங்க இடம், சாப்பாடு, கட்டணம் என்று மாதா மாதம் பணம் வேண்டும். பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பத் தயங்குகிற வீடுகளும் உண்டு.

இங்கேதான் செல்போன் வருகிறது. வீராணத்துத் தண்ணீரைச் சேத்தியாத்தோப்பில் இருந்து குழாயில் ஏற்றி, 2004-ல் இருந்து சென்னைக்கு அனுப்பி வருகிறோம். அந்தக் கடனுக்குப் பாடமாவது இந்தப் பக்கம் திரும்பி வரட்டுமே!

காசு இல்லாத பாடங்கள்

இன்டர்நெட்டில் ஜப்பான் மொழிப் பாடம் மலைபோல் குவிந்து கிடக்கிறது. அதில் நல்லவை எவை?

ஜப்பான் பவுண்டேஷன் என்பது ஜப்பான் அரசின் ஆதரவில் நடக்கும் நிறுவனம். அது 2016-ல் ‘மினாட்டோ’ என்ற இன்டர்நெட் பள்ளியைத் தொடங்கியது. ‘மினாட்டோ’ என்றால் துறைமுகம். தானே படித்துக்கொள்ளும் பாடங்களுக்குக் கட்டணம் இல்லை. ஆசிரியர் கூட இருந்து திருத்தித் தரும் சில பாடங்களுக்கு மட்டும் கட்டணம் உண்டு.

அதே நிறுவனம் 2020-ல் ‘இரோடோரி’ என்ற பாடப் புத்தகத்தை வெளியிட்டது. வேலைக்கு வருகிறவர்களை மனதில் வைத்தே எழுதிய புத்தகம் இது. கடையில் சாமான் வாங்குவது, டாக்டரிடம் உடம்பைப் பற்றிச் சொல்வது, குப்பையை எந்த நாளில் எங்கே போடுவது என்று அன்றாட வாழ்க்கையே பாடமாக இருக்கிறது. புத்தகமும் ஒலிப்பதிவும் இலவசம். இறக்கிக்கொண்டு, பக்கத்துக் கடையில் அச்செடுத்து வைத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இந்தப் புத்தகத்தைத்தான்.

நம் நாட்டிலும் உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியை வத்சலா மிஸ்ரா நடத்திய ஜப்பான் மொழிப் பாடங்களை மத்திய அரசின் கல்வித் தளத்தில் யாரும் பார்க்கலாம். யூடியூபில் தமிழிலேயே சொல்லித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். தரம் ஒன்றுபோல் இல்லை.

தினம் முக்கால் மணி நேரம் இவற்றில் படித்தால், ஓர் ஆண்டில் 270 மணி நேரத்துக்கு மேல் சேரும். வகுப்பின் 60 மணியையும் கூட்டுங்கள். 300 தாண்டிவிட்டது! 5 ஆண்டு வேலை ஓர் ஆண்டில் முடிகிறது.

அப்படியானால் வகுப்பு எதற்கு, செல்போன் மட்டும் போதாதா என்று கேட்கலாம். அதுதான் இல்லை.

தங்கமா, வெள்ளியா?

ஜப்பான் மொழியில் ‘கின்’ என்றால் தங்கம். ‘கின்’ என்றால் வெள்ளி.

அச்சுப் பிழை இல்லை! இரண்டும் வேறு வேறு சொல். தங்கத்துக்கு ‘கல்’ என்பதில் வரும் ‘க’வைப் போல வன்மையாகச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கு, ‘குண்டு’ என்று பேசும்போது வரும் முதல் எழுத்தைப் போல அதிர்த்துச் சொல்ல வேண்டும். நம் வாயில் இரண்டு ஒலியும் இருக்கின்றன. ஆனால் நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘க’தான். இதேபோல் ‘தென்கி’ என்றால் வானிலை. தகரத்தை அதிர்த்துச் சொன்னால் மின்சாரம். நெய்வேலிக்காரர்கள் வானிலையையும் மின்சாரத்தையும் குழப்பிக்கொண்டால் எப்படி?

நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றால், நோட்டில் ஜப்பான் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்கிறார்கள். அங்கேயே கோளாறு தொடங்கிவிடுகிறது. செல்போன் பாடம் தவறைக் காட்டாது. “சரியாகச் சொன்னாய்” என்று மணி அடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். எதிரில் வாத்தியார் இருந்தால், “தம்பி, நீ சொன்னது தங்கம், நான் கேட்டது வெள்ளி” என்று அந்த இடத்திலேயே நிறுத்துவார். வாயில் பழகிய பிழையை ஓர் ஆண்டு கழித்துத் திருத்துவது கடினம்.

ஆகவே முதல் மாதத்திலேயே ஜப்பான் எழுத்தைக் கற்றுவிட வேண்டும். பயப்பட வேண்டாம். ஹிராகனா என்ற எழுத்தில் அடிப்படை 46. கட்டகனா என்ற எழுத்திலும் 46. நம் 247-ஐப் படித்தவர்களுக்கு இது பெரிது இல்லை. வல்லின ஒலியை அதிர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில், எழுத்தின் தலையில் இரண்டு சின்னக் கோடு போடுவார்கள். அந்தக் கோடு போட்டால் தங்கம் வெள்ளி ஆகிவிடும். சித்திர எழுத்துதான் மலை. பொது உபயோகத்துக்கு என்று ஜப்பான் அரசு வகுத்த பட்டியலில் 2,136 இருக்கின்றன. ஆனால் தொடக்கத்தில் 300 போதும் என்று முன்பே பார்த்தோம். இந்த மனப்பாட வேலைக்குச் செல்போன் மிகவும் ஏற்றது. பஸ்சுக்கு நிற்கும்போது பத்து எழுத்து பார்க்கலாம். இதற்காக வாத்தியாரின் நேரத்தை வீணாக்கக் கூடாது.

போய் வருகிறேன்

நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது.

ஜப்பானியர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘இத்தே கிமாஸ்’ என்பார்கள். ‘இத்தே’ என்றால் போய். ‘கிமாஸ்’ என்றால் வருகிறேன். போய் வருகிறேன்! நம் வீட்டில் பிள்ளைகள் சொல்வது அப்படியே இருக்கிறது. ஆங்கிலேயன் இதைப் புரிந்துகொள்ள இரண்டு பக்கம் விளக்கம் வேண்டும். நமக்கு ஒரு வரி போதும்.

‘சாப்பிட்டுப் பார்’ என்கிறோம் அல்லவா? பார்ப்பதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஜப்பானியரும் சாப்பிட்டுப் ‘பார்க்கிறேன்’ என்றுதான் சொல்கிறார்கள். வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. கேள்வி கேட்க, நாம் கடைசியில் ‘ஆ’ சேர்ப்பதுபோல் அவர்கள் ‘கா’ சேர்க்கிறார்கள். இது, அது என்பதற்கு நடுவே, கேட்பவர் பக்கத்தில் இருப்பதைக் காட்ட அவர்களுக்குத் தனிச் சொல் உண்டு. யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்கும் ‘உது’ அதுதான். ‘பளபள’ போன்ற இரட்டைச் சொற்களும் அங்கே ஏராளம். குறில் நெடில் வேறுபாட்டை நம் காது உடனே பிடித்துவிடும். ‘ஒபசான்’ என்றால் அத்தை. ‘ஒபாசான்’ என்றால் பாட்டி. இதில் ஐரோப்பியர்கள் தடுமாறுவார்கள். நமக்கு ‘கல், கால்’ மாதிரி.

இந்த ஒற்றுமையைக் கண்டு, தமிழும் ஜப்பான் மொழியும் உறவு என்றே சொன்னார் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919-2008). யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாசும், அவர் துணைவியார் மனோன்மணியும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். மொழி அறிஞர்களில் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, வாக்கிய அமைப்பு ஒத்துப்போகிறது. படிக்கிறவனுக்கு அது போதும்.

ஆனால் பாருங்கள், இன்டர்நெட் பாடங்களில் நம் பிள்ளை பெரும்பாலும் ஆங்கில விளக்கத்தையே நம்ப வேண்டியிருக்கிறது. தமிழ் வழியில் படித்தவன், முதலில் ஆங்கில வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டி, பிறகு அதை மீண்டும் புரட்டி ஜப்பானுக்குப் போகிறான். சேத்தியாத்தோப்பில் இருந்து சிதம்பரம் போக விழுப்புரம் சுற்றுவது போன்ற காரியம் இது. “தமிழில் எப்படிச் சொல்வாயோ அப்படியே சொல்” என்று நேர் வழி காட்ட வகுப்பில் ஒரு வாத்தியார் வேண்டும். ஜப்பான் மொழி கற்பிக்கும் நம் ஊர்க் கல்லூரிகள் ஆங்கிலப் புத்தகத்தையே பிடித்துக்கொண்டு இருப்பது, என் எண்ணத்தில், கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் செய்வதுதான். அரசு பல திட்டங்களுக்குப் பணம் செலவிடுகிறது. தமிழ் வழியாக ஜப்பான் மொழி கற்க ஒரு முழுப் பாடத் தொகுப்பு செய்து, இலவசமாக இன்டர்நெட்டில் போட்டால், அதன் பலன் சேத்தியாத்தோப்பில் மட்டும் நிற்காது.

வீட்டில் நடப்பது

“ஏண்டா, எந்நேரமும் போனும் கையுமா இருக்கியே, படிக்கிறியா விளையாடுறியா?”

“படிக்கிறேம்மா.”

அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. பையன் சொல்வது பாதி உண்மையாகவும் இருக்கலாம். பாடம் பார்ப்பான், நடுவில் ஒரு கிரிக்கெட் துணுக்கு வரும், அரை மணி போய்விடும்.

ஜப்பான் மொழி தெரியாத அம்மாவும் இதைச் சோதிக்க முடியும். “இன்று படித்ததைச் சத்தமாகச் சொல்லு” என்று கேட்டால் போதும். தினம் ஒரு பக்கம் நோட்டில் ஜப்பான் எழுத்தில் எழுதிக் காட்டச் சொல்லலாம். ஒரே ஊரில் இரண்டு மூன்று பேர் படித்தால், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து பேசிப் பழகலாம். கொரோனா காலத்தில் 2020 ஜூலைப் பரீட்சை உலகம் முழுவதும் ரத்தானது. வகுப்புகள் செல்போனுக்குப் போயின. அப்போதும், பேச்சுத் துணை இருந்தவனுக்குத்தான் படிப்பு நின்று போகாமல் தொடர்வது சுலபம்.

பேச்சுத் துணை ஏன் இவ்வளவு முக்கியம்? என்-வரிசைப் பரீட்சையில் பேச்சுக்கு இடமே இல்லை! விடையைத் தேர்ந்தெடுத்து வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறக்காமலே தேறிவிடலாம். ஆனால் வேலை கொடுக்கும் ஜப்பானிய முதலாளி நேரில் பேசிப் பார்ப்பார். பல் விழுந்த பாட்டி “இடுப்பு வலிக்கிறது” என்று முனகுவாள். அங்கே வட்டம் கிடையாது.

பணம் பத்திரம்

இன்டர்நெட் பாடத்தை முடித்தால் ஒரு சான்றிதழ் வரும். சுவரில் மாட்டலாம். விசாவுக்கு அது உதவாது. பரீட்சையில் தேறிய சான்றிதழ்தான் செல்லும். “எங்கள் ஆன்லைன் வகுப்புச் சான்றிதழே போதும்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். “மொழியே வேண்டாம், மூன்று மாதத்தில் விமானம்” என்கிறவரிடமும் அப்படியே.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு உண்டா என்பதை அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30 ஆயிரம் ரூபாயும், அதற்கு உரிய வரியும்தான் உச்சவரம்பு. மேலே கேட்கும் பணம் ‘பயிற்சி’ என்ற பெயரில் வரலாம். எத்தனை மணி நேரப் பயிற்சி, யார் வாத்தியார், தேறாவிட்டால் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். 1978-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திடமும் விசாரிக்கலாம். நிலத்தை அடகு வைக்கும் முன், இலவசப் பாடத்தில் மூன்று மாதம் படித்துப் பார்க்கட்டும். பிள்ளைக்கு இது ஒத்து வருமா என்பது காசு செலவு இல்லாமல் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த விசாவின் முதல் வகையில் மொத்தம் 5 ஆண்டுதான் பொதுவாக இருக்க முடியும். மனைவி மக்களை அழைத்துப் போக இடம் இல்லை. கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

பரீட்சை நாள்

என்-வரிசைப் பரீட்சை ஆண்டுக்கு இரண்டு தடவை, ஜூலையிலும் டிசம்பரிலும், முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. சில மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ‘என்-5’க்கு மொத்தம் 180 மார்க்கில் 80 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் காதால் கேட்டு விடை சொல்லும் பகுதி 60 மார்க்குக்கு உண்டு. அதில் 19 எடுக்காவிட்டால், மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் தோல்விதான். ஆகவே தினப் படிப்பில் கால் மணி நேரமாவது படத்தைப் பார்க்காமல், காதால் மட்டும் கேட்டுப் பழக வேண்டும். ஒலிப்பதிவு பரீட்சையில் ஒரே தடவைதான் ஓடும்.

சேத்தியாத்தோப்புப் பிள்ளைகள் சென்னையில் எழுதுவதாக இருந்தால், சனிக்கிழமையே பஸ் ஏறிவிட வேண்டும். அனுமதிச் சீட்டு, அடையாள அட்டை, எச்.பி. பென்சில், ரப்பர் இவற்றை மறக்கக் கூடாது. செல்போனை அணைத்து, பையில் போட்டு வைத்துவிட வேண்டும். பரீட்சை நடக்கும்போது அது ஒரு தடவை ஒலித்தாலும் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள்.